பூசாத சுவர்

12-4-1987, ஞாயிறு

குருத்து ஞாயிறு. கோயிலுக்குக் கிளம்பும்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு தேள். இந்த வாரத்தில் மூன்றாவது. அவர் செருப்பால் அடித்தார். பூசையில் கையில் குருத்தோலை. என் கண்ணெல்லாம் தரையில்.

வாடகை மிச்சம் என்று, சுவர் பூசுவதற்கு முன்பே பருத்திப்பட்டுக்குக் குடிவந்துவிட்டோம். செங்கல் இடுக்கெல்லாம் பொந்து. "பூச்சு வேலைய அப்புறம் பாத்துக்கலாம் செலின்" என்றார். நானும்தானே சரி என்றேன்?

3-5-1987

கோழி தேளைக் கொத்தித் தின்னும் என்று பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சொல்லி நாலு கோழி வாங்கினோம். நன்றாகத்தான் மேய்ந்தன. அவருக்குத்தான் பொறுக்கவில்லை. கம்பெனியில் யாரோ சொன்னார்களாம், பூச்சிமருந்துப் பொடி வாங்கிவந்து சுவரோரமெல்லாம் தூவினார். காலையில் நாலும் செத்துக் கிடந்தன. குளிக்கிற இடத்தில் தேள் உயிரோடு ஊர்கிறது.

"ஏரியாண்ட ஊடு கட்டிகினு தேள் வருதேன்னா இன்னாம்மா பண்றது? சொவத்த பூசு. வேற வயி இல்ல" என்றாள் கன்னியம்மா.

எதை விற்றுப் பூசுவது?

23-6-1987

ரோஸியைக் கொட்டிவிட்டது. பாவாடை மடிப்புக்குள் இருந்திருக்கிறது. கொடியிலிருந்து எடுத்து மாட்டிவிட்டது நான் — உதறிப் பார்க்காமல், நான்தான். அஞ்சு வயசுப் பிள்ளை. முதலில் கத்தினாள், அப்புறம் கத்தக்கூட இல்ல. வேர்த்து ஊத்துது, வாந்தி, கை கால் ஜில்லுனு ஆயிடுச்சு. கன்னியம்மாதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆவடி டாக்டர் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

மூச்சு இருக்கிறது. மாதாவே.

30-6-1987

பிழைத்துவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். எந்த வீட்டுக்கு?

அவருடைய அக்கா ஞானம்மாள் குமணன்சாவடியிலிருந்து வந்திருந்தார். பிள்ளை இல்லாதவர். "சொவுரு பூசி முடிக்கிற வரிக்கும் பாப்பா எங்கூடவே இருக்கட்டும் ஜேசு" என்றார். இவர் தலையாட்டினார். நான் என்ன சொல்லிவிட முடியும்? ஆட்டோவில் ஏறும்போது ரோஸி என் முந்தானையை விடவில்லை. விரல்களைப் பிரித்துவிட்டேன்.

8-9-1987

தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போய்விட்டது. மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறேன்.

15-11-1987

மழை. கொத்தனார் வரவில்லை. இவர் கம்பெனியில் வேலைக்குமேல் வேலை பார்த்துவிட்டு வந்து படுத்துவிடுகிறார். ஞாயிறுதோறும் ரோஸியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். இப்போது மாதம் ஒரு தடவை. பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பேருமே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

17-1-1988

சுவர் பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. தேளைப் பார்த்து மாதமாகிறது. ரோஸியைக் கூட்டிவந்தோம்.

அவள் கால் தரையில் படவில்லை. கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தவள் ஒன்றுக்குப் போகக்கூட இறங்காமல் அங்கேயே போய்விட்டாள். நான் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினேன். "பாருடி கண்ணு, ஓட்டையே இல்ல. ஒண்ணும் வராது."

"அம்மா பொய் சொல்லுது. அத்த ஊட்டுக்குப் போலாம்ப்பா."

சாயங்காலமே அவர் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

20-3-1988

மறுபடி கூட்டிவந்தோம். வாசலிலேயே அழுதாள். காய்ச்சல். மறுபடி கொண்டுபோய் விட்டோம்.

5-6-1988, ஞாயிறு

அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. இங்கே இருந்த அவள் துணிகளை இன்று கொண்டுபோனேன். பாதி இனி அவளுக்குப் போதாது.

கதவைத் திறந்தவள் ரோஸிதான். வளர்ந்துவிட்டாள், சடை இரண்டாகப் பின்னியிருந்தது. என்னிடம் 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். இன்று, "வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். வருகிறவர்களிடம் மரியாதையாகப் பேச ஞானம்மாள் அண்ணி பழக்கியிருக்கிறார். நல்லதுதான்.

உள்ளே ஓடிப்போய், சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் டம்ளருக்காக நின்றாள்.