ஆபீசுக்காக எழுதிய கடிதம்

3 பிப்ரவரி

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். அங்கே நீங்கள், அப்பா, பெரியவள், சின்னவள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம்.

குவாரியில் வேலை கழுத்து வரைக்கும் இருக்கிறது. எடைமேடையில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது லாரிக்குக் குறைவில்லை. காலியாக வரும்போது ஒரு எடை, கல் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு எடை. இந்த டிரைவர்கள் பலே ஆட்கள். காலி எடை கூடினால் ஏற்றிய கல்லுக்குப் பணம் குறையும் என்று ஒருவன் இருக்கைக்குப் பின்னால் மூன்று பேரைப் படுக்கவைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அதில் ஒருத்தனுக்குத் தும்மல் வந்து எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். மேலாளரே சிரித்துவிட்டார்.

அப்பாவின் முதுகுப் புண் ஆறிவிட்டதா? வைத்தியர் சொன்னபடி புரட்டிப் படுக்கவைக்கிறீர்களா என்று கேட்கமாட்டேன். உங்களிடம் அதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். பெரியவளுக்குப் பரீட்சை எப்போது?

இந்த வருடமும் விடுமுறைக்கு வர முடியாது போலிருக்கிறது. இன்னொரு விஷயம். மேலாளர் கூப்பிட்டு, "குடும்பக்காரங்களுக்கு ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ் கட்டி முடிச்சாச்சு. ஒன்பது வருஷமா ஒண்டிக்கட்டையாவே இருக்கியே, சம்சாரத்தைக் கூட்டிட்டு வாய்யா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். இந்தத் தூசியில் அப்பாவுக்கு மூச்சு முட்டும். உங்களுக்கும் இந்த இடம் சரிப்படாது.

கேட்டில் உள்ள போன் உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் என்று உத்தரவு. அதனால் எதுவானாலும் எழுதுங்கள்.

தம்பி


11 பிப்ரவரி

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. புண் ஆறிவிட்டது. மாமா இடது கையைக் கொஞ்சம் அசைக்கிறார். அசைக்க வந்ததும் முதல் வேலையாகச் சின்னவளின் காதைத் திருகினார். அவளுக்கு வலித்ததைவிட எங்களுக்குச் சந்தோஷம் அதிகம்.

இப்போது தலைபோகிற விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருக்கிற வீடு இன்னும் உங்கள் அண்ணன் பெயரிலேயே இருக்கிறது அல்லவா? இத்தனை வருடம் கேட்பாரில்லை. புதிதாக வந்த குமாஸ்தா கண்டுபிடித்துவிட்டார். குடியிருப்பு அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம். அரை நாள் லீவு போட்டுப் போனேன்.

"வாடகைதாரர் எறந்து பத்து வருஷமாகப்போகுது. நீங்க அவர் சம்சாரம். அப்புறம் அவர் தம்பியையே கட்டிக்கிட்டீங்க. சர்டிபிகேட் இருக்கு, சரி. வீடு இனி தம்பி சம்சாரம்ங்கற பேர்லதான் உங்களுக்கு வரும். அவர் எங்கே?" என்றார்.

"வெளியூர்ல வேலைங்க."

"இந்த ஒன்பது வருஷத்துல எத்தனை தடவை வந்தார்?"

மூன்று தடவை என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டைப் பிடிச்சு வச்சுக்கறதுக்காகக் காகிதக் கல்யாணம் பண்ணினவங்களை நெறையப் பாத்துட்டேன்மா. அவர் உங்களுக்கு எழுதின லெட்டர் ஏதாவது இருந்தா நாளைக்குக் கொண்டாங்க" என்றார்.

கடிதத்துக்கா பஞ்சம்? பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருக்கிறேனே. மறுநாள் டப்பாவோடு போய் அவர் மேசையில் வைத்தேன். மேலே இருந்ததைப் பிரித்து உரக்கப் படித்தார். "மதிப்புக்குரிய அண்ணிக்கு." அடுத்ததைப் பிரித்தார். அதுவும் அண்ணிக்கு. டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"ஏம்மா, புருஷன் லெட்டரைக் கேட்டா கொழுந்தன் லெட்டரைக் கொண்டாந்திருக்கீங்களே!"

"ரெண்டும் ஒரே ஆள்தாங்க" என்றேன்.

சிரித்தார்கள் பாருங்கள், எனக்கு மானமே போய்விட்டது. அண்ணன் போய் எட்டாவது மாதம் பெரியவர்கள் கூடிப் பேசி நம் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளைகள் அந்நிய வீட்டில் வளரக்கூடாது என்றார்கள். உங்களையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அதை அங்கே நின்று யாருக்கு விளக்க?

மார்ச் முதல் தேதி வரைக்கும் கெடு. தவறினால் காலி செய்ய வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கிறவரையும் இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு, சலவைக்கூடத்தில் வாங்குகிற சம்பளத்தில் நான் எந்தத் தெருவில் வீடு பார்ப்பேன்? ஆகவே தம்பி, ஒரே ஒரு கடிதம். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுகிற மாதிரி எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அண்ணி


19 பிப்ரவரி

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்களை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். மரியாதைக்காக எழுதிய வார்த்தை இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை.

கேட்ட கடிதத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். ஆறு தாள் கிழித்த பிறகு தேறியது இது. ஆபீசுக்காக எழுதியது, ஆகவே அதில் உள்ள எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெரியவள் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

(உடன் வைத்த தாள்)

என் கண்ணே,

இன்று மாலை நல்ல மழை. பேருந்து நிறுத்தத்தில் நின்ற அத்தனை குடைகளிலும் உன் பச்சைக் குடையைத் தேடினேன். நீ வரமாட்டாய் என்று தெரியும். தெரிந்தும் மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "உங்க பஸ் போகுதே தம்பி" என்றார். போகட்டுங்க என்றேன்.

நீ சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாய். அந்தக் கையைப் பிடித்து விலக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. தைரியம் வருவதில்லை.

எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. ஒரு சின்ன அறை போதும். நான் வேலை முடிந்து வரும்போது ஜன்னல் பக்கம் நீ உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்றும் பேசக்கூட வேண்டாம். எத்தனை வருடமானாலும் சரி, காத்திருக்கிறேன்.

உன்னுடையவன்


2 மார்ச்

தம்பி என்று எழுதி அடித்துவிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் அப்படியே தொடங்குகிறேன்.

வீடு கிடைத்துவிட்டது. குமாஸ்தா வழக்கம்போல உரக்கப் படிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் குரலை இறக்கினார். பிறகு மனதுக்குள்ளேயே படித்தார். முடித்ததும், "உக்காருங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தேன். முத்திரை விழுந்தது. கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். "இது ஆதாரம்மா, ஃபைல்ல இருந்தாகணும்" என்று ஓட்டை போட்டுக் கோத்துவிட்டார். ஓட்டை "கண்ணே" மேலேயே விழுந்தது.

பரவாயில்லை, எனக்கு மனப்பாடம்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றீர்கள். எப்படி முடியும்? எனக்கு நாற்பத்தொரு வயது. ஒன்பது வருடமாக உங்கள் கடிதம் வந்ததும் குளியலறைக்குள் போய்ப் படிக்கிறேன். மாமா உடம்பு, பிள்ளைகள் படிப்பு, லாரிக்கதை, இவ்வளவுதான் இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் படிப்பேன். உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை, தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஊரைவிட்டே போய்விட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். நான் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும். நீங்களும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் சரியான மக்குகள்.

குடை விஷயம்தான் புரியவில்லை. எனக்குக் குடையே கிடையாது. மழை வந்தால் சேலைத் தலைப்புதான். எழுதும்போது ஒரு அழகுக்காகச் சேர்த்தீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். வாயை மூடிச் சிரிப்பதாக எழுதியிருந்ததைச் சோதித்துப் பார்த்தேன். சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்கிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. அவளிடம், "நான் எப்படிடி சிரிக்கறேன்?" என்று கேட்டேன். "நீ சிரிச்சா அடுத்த தெருவுல நாய் குலைக்கும்" என்றாள். அந்த நாளில் எப்படிச் சிரித்தேனோ, எனக்கு ஞாபகமில்லை.

இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் இன்னும் இருக்கிறதா? மாமாவை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவரலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார், ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் தூசிக்கும் பயமில்லையாம். பெரியவள் பரீட்சை முடிந்ததும் கிளம்பலாம். வீடு கிடைத்த மறுநாளே வீட்டை விடுகிறேன் என்கிறாளே, இவளுக்குப் பைத்தியமா என்று நினைப்பீர்கள். இருக்கட்டும். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

கையெழுத்தை எப்படிப் போடுவது என்றும் தெரியவில்லை.


14 மார்ச்

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். பொய் சொன்னால் நீங்கள் கிளம்பி வந்துவிடுவீர்கள். அதனால் உண்மையைச் சொல்கிறேன்.

அது உங்களுக்கு எழுதியது இல்லை. அண்ணன் போவதற்கு முந்தைய வருடம் நான் ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தேன். நூல்நிலையத்தில் வேலை பார்த்தவள். அவளுக்கு எழுதித் தபாலில் போடாமலே வைத்திருந்த கடிதம் அது. அண்ணன் இறந்தார், பெரியவர்கள் கூடினார்கள், மற்றது உங்களுக்கே தெரியும். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. கல்யாணமாகி எங்கோ இருக்கிறாள்.

ஆறு தாளிலும் உங்களுக்குத்தான் எழுத முயன்றேன். நீங்கள் அண்ணனுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து வாசல் வரைக்கும் போனது, வேலைக்கு முதல்நாள் போனபோது என் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொடுத்தது, இவைதான் வந்தன. அதற்குமேல் பேனா போகவில்லை. உங்களை நினைத்தாலே அண்ணன்தான் பக்கத்தில் நிற்கிறார். கெடு நெருங்கியது. பெட்டியிலிருந்து பழையதை எடுத்து அப்படியே பார்த்து எழுதினேன். குடையை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவ்வளவு மடையன் நான்.

உங்கள்மேல் எனக்கு வெறுப்பு ஒருநாளும் இருந்ததில்லை. நான் கும்பிடுகிற ஆள் நீங்கள். அதுதான் கோளாறு.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். வரச்சொன்னால் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறேன். வேண்டாமென்றால் பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். நீங்களாவது உங்கள் வழியைப் பாருங்கள்.

தம்பி


27 மார்ச்

தம்பிக்கு,

நீ என்று எழுதுகிறேன். மருமகளாக வந்த புதிதில் உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். நமக்குக் கல்யாணமான பிறகு வாயில் வராமல் போயிற்று, இப்போது வருகிறது.

வலித்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். சின்னவள் கதவைத் தட்டித் தட்டி அழுத பிறகுதான் வெளியே வந்தேன். உன்மேல் கோபம் நாலு நாள் இருந்தது. ரேடியோவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன், பாவம். உண்மையைச் சொன்னாயே, அதற்காக உன்னைத் திட்ட வாய் வரவில்லை.

பிரிவுப் பத்திரம் என்கிறாய். உனக்கு விவரமே போதாது தம்பி. வீடு எனக்கு உன் சம்சாரம் என்ற பெயரில்தான் கிடைத்திருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட மறுமாதம் எங்களை வெளியே தள்ளுவார்கள். அந்தக் கடிதத்தைக் கொடுத்து நான் வாங்கியது இந்த நாலு சுவர். மாமா இருக்கிற வரைக்கும், சின்னவள் தலையெடுக்கிற வரைக்கும் நாம் புருஷன் பெண்டாட்டிதான். நீ இங்கே வரவும் வேண்டாம். ஒரே வீட்டில் நீ என்னை அண்ணி என்று கூப்பிடுவதைத் தினமும் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

இனிமேல் கடிதத்தை மாமா பெயருக்கே போடு. பெரியவள் படித்துக்காட்டுவாள். லாரிக்கதை எழுது, அவருக்குப் பிடிக்கும். பதிலும் அவளே எழுதுவாள். நான் எழுதமாட்டேன். கோபத்தினால் இல்லை. தபால்காரர் மணி அடிக்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், அதை நிறுத்த வேண்டும்.

பெரியவள் பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாளாம். மாமாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டு மனுப் போட்டிருக்கிறோம்.

நேற்று புது வாடகைச் சீட்டு வாங்க அந்த அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தாவிடம், அந்தக் கடிதத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். யாருக்கு எழுதியது என்று தெரிந்த பிறகும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் ஃபைலைத் திருப்பி வைத்தார். முழுக்கப் படித்தேன். மூடிக் கொடுத்ததும், "உங்க வீட்டுக்காரர் உங்க மேல உசுரையே வச்சிருக்காரும்மா" என்றார்.

ஆமாங்க என்றேன்.

அண்ணி