இடது மட்கார்டு

பிப்ரவரி 11

காலைப் பாராயணம் முடிந்ததும் மேசைக்கு வந்தேன். அடிக்கு ஓர் அங்குலம் என்னும் கணக்கில் பதினேழாம் எண் பந்தய வண்டி மாதிரியின் அடிச்சட்டம் இன்று நிறைவுற்றது. முழு நீளம் பதினோர் அங்குலம். அசலை நான் கட்டி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. பழைய காரின் இன்ஜினைப் பெயர்த்தெடுத்து, குழாய்களைப் பற்றவைத்து, கைவிடப்பட்ட விமானத் தளத்தில் ஞாயிறுதோறும் பந்தயம் ஓட்டினோம். அமெச்சூர்கள் என்று எங்களுக்குப் பெயர். பரிசுக்காக அன்றி எலும்பு முறிவதற்காக ஓட்டியவர்கள் என்று பொருள்.

எங்கள் பந்தயச் சங்கத்தின் பொன்விழாக் கண்காட்சிக்கு அக்கால வண்டிகளின் சிறு மாதிரிகளைக் கேட்டிருக்கிறார்கள். அசலைத் தம் கையால் கட்டியவர்களுள் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. மற்றவர்கள் பொம்மை செய்வார்கள். நான் செய்வது சாட்சியம்.

பிப்ரவரி 19

இடது மட்கார்டு. ஏழாவது தகடும் பாழ்.

பிப்ரவரி 23

எட்டாவது தகட்டில் வந்துவிட்டது. இறைவனுக்கு நன்றி.

அசல் வண்டியில் இடது முன்சக்கரத்தின் மட்கார்டு வலதைவிட ஓர் அங்குலம் உயரம். மாதிரியில் அது ஒரு நெல்மணியின் கனம்தான். ஆயினும் அந்த நெல்மணி இல்லையேல் அது என் வண்டி ஆகாது. அசலின் உடற்கூட்டை, அதாவது மேல்தகடு முழுவதையும், அடித்தவள் என் மனைவி. பாத்திரப் பட்டறைக்காரர் மகள். அலுமினியத் தகட்டை மணல்மூட்டைமேல் கிடத்தி, கொட்டாப்புளி என்னும் அந்த மரச்சுத்தியால் மூன்று அடி அடிப்பாள். நிறுத்தி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். மீண்டும் மூன்று அடி. அடுத்த அறையில் செய்யுள் மனனம் செய்துகொண்டிருக்கும் எனக்கு அது மூன்று சீரும் ஒரு மூச்சுமாகக் கேட்கும். அப்போது மகளை வயிற்றில் ஏழு மாதம் சுமந்திருந்தாள். இடது மட்கார்டை அடிக்கையில் குனிய இயலாமல் ஒருக்களித்து உட்கார்ந்தே அடித்தாள். தகடு ஓர் அங்குலம் தூக்கிக்கொண்டது.

மகள் பிறந்தபின் அவள் கொட்டாப்புளியைத் தொடவேயில்லை. பிள்ளை வளர்ப்பில் கை ஒழியவில்லை என்று எண்ணிக்கொண்டேன். இன்று அது பின்கட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

காப்பி கொண்டுவந்தவள் மேசையருகே நின்றாள்.

"இடது பக்கம் தூக்கியிருக்கே."

"அசலும் அப்படித்தானே இருந்தது."

விரலை அதன்மேல் ஓட்டினாள். "ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"எப்படி மறக்கும்? ஒருக்களிச்சு உக்காந்து அடிச்சியே."

காப்பியை வைத்துவிட்டுப் போனாள். சற்றுநேரத்தில் நான் கேளாமலே இரண்டாவது காப்பி வந்தது.

மார்ச் 2

சங்கத்தின் ஆவணங்களைக் காப்பவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் நூலளவும் பிசகாமல் அளக்கும் வெர்னியர் வைத்திருப்பவர். மாதிரிகளைச் சரிபார்ப்பவரும் அவரே. இன்று என் வண்டியைக் கொண்டுபோனேன். அறையில் இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"அருமை சார். ஆனா இடது மட்கார்டு ரெண்டு மில்லி தூக்கல்."

"வண்டி அப்படித்தான் இருந்தது."

"இல்லையே. இப்ப வச்சிருக்கிற ஓனர் வண்டியைப் புதுப்பிச்சதும் நானே போய் அளந்தேன். ரெண்டும் சமம்."

"புதுப்பிக்கிறப்ப நிமித்தியிருப்பாங்க."

"எதைப் பார்த்து நிமித்தினாங்கன்னு நெனைக்கிறீங்க?"

அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்தார். உள்ளே நான் வரைந்த படம். கட்டுமுன் வரைந்தது, ஆகவே இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருந்தன. அதனடியில் அவ்வாண்டுப் பந்தயத்துக்கான பதிவுப் படிவம். வடிவமைத்தவர்: என் பெயர். உடற்கூடு அடித்தவர்: என் பெயர்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார்: "அவரே அடிச்ச வண்டி, அவருக்கே மறந்துபோச்சு. வயசானா ஞாபகமும் ஒரு பக்கம் தூக்கிக்கும் போல."

சிரித்தார்கள். நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். இருபத்தேழு ஆண்டுகளாக வழிபாட்டுக் கூடத்தில் வாரந்தோறும் மறைப்பொருள் விரித்துரைக்கும் நாவு இது. அது சொன்னது:

"என் கணக்குல பிசகு. சரிபண்ணிக் கொண்டுவர்றேன்."

மார்ச் 3

இன்று வார விரிவுரை. தலைப்பு: வாய்மை. மிகவும் உருக்கமாக இருந்ததாம்.

மார்ச் 5

மட்கார்டின் மேல்விளிம்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். அவள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது.

"ஏன் ராவுறீங்க?"

"சங்கத்து ரெக்கார்டுல ரெண்டும் சமம்னு இருக்கு."

"ரெக்கார்டு எழுதினது யாரு?"

நான் குனிந்து ராவிக்கொண்டே இருந்தேன்.

"அந்த ஃபாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். நீங்க இன்ஜினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க. எட்டு மாச வயித்தோட பஸ்ல போனேன். ஜன்னலோரம் உக்காந்து படிச்சுப் பார்த்தேன். இவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதுன்னு நெனச்சீங்களோ?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டு வாங்குறதா அது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அதனாலதான் நீ கொட்டாப்புளியைத் தொடலையா?"

"பின்னே? பிள்ளை வளர்க்கிறதுல கை ஒழியலைன்னா நெனச்சீங்க? பிள்ளை தூங்கின நேரத்துல ஒரு பாத்திரக் கடைக்கே அடிச்சுப் போட்டிருப்பேன்."

அரம் தகட்டைக் கடந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பில் ஓர் ஓட்டை.

மார்ச் 6

ஏன் எழுதினேன்?

மறந்து எழுதவில்லை. அவசரத்தில் எழுதவும் இல்லை. அந்தக் கோட்டின்மேல் பேனா நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பொண்டாட்டி அடிச்ச வண்டின்னு சொல்லிச் சிரிப்பானுங்களே — அவ்வளவுதான். அவ்வளவேதான்! நாலு பேர் சிரிப்புக்குப் பயந்தவன். நாலு நாளைக்கு முன்னாலயும் அதே சிரிப்பு, அதே பயம். ஐம்பது வருஷம் நூல்களைப் படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்?

பாராயணம் பாதியில் நின்றது. வாய்க்குள் சொற்கள் தகரம்போல் ஒலித்தன.

மார்ச் 9

மூன்று நாளாக இடது மட்கார்டைத் திரும்பவும் செய்து பார்க்கிறேன். வளைவு கூடவில்லை. தொட்டதெல்லாம் சொட்டையாகிறது. முன்பு எட்டாவது தகட்டில் வந்தது என் திறமையென்று நினைத்தேனே. அது வெறும் தற்செயல்.

நானே வாய்விட்டுக் கேட்டேன். "நீ அடிச்சுக் குடேன்."

காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: "அம்பது வருஷம் கழிச்சு ஆர்டர் வருது பாரு. என் கையால இனிமே உங்க மேசைக்கு ஒரு ஆணிகூட வராது."

 மாலையில் மகள் தொலைபேசியில் அழைத்தபோது, "உங்கப்பாவுக்கென்ன, பிரசங்கமும் பொம்மையுமா இருக்காரு" என்றாள். பொம்மை. சாட்சியம் என்று நான் பிப்ரவரியில் எழுதியதை இன்று மீண்டும் படித்தேன். பக்கத்தைக் கிழிக்கக் கை போயிற்று. கிழிக்கவில்லை, மட்கார்டை ராவியதற்குப் பின் அது இரண்டாவது திருத்தல்வேலை ஆகிவிடும்.

மார்ச் 14

ஒரு திருத்தப் படிவம் எழுதினேன். உடற்கூடு முழுவதையும் அடித்தவர் என் மனைவி. என் பெயர் அவ்விடத்தில் பொய்யாக எழுதப்பட்டது. இடது மட்கார்டின் உயரம் பிழையன்று. நானே பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அளவுகோல் இருமுறை படித்தார். "பழைய படிவத்தை மாத்த முடியாது சார். ஓரத்துல ஒரு குறிப்பு வேணா சேர்க்கலாம். ஆனா சாட்சி?"

"பொய் எழுதினவன் வந்து நிக்கிறேனே. இதுக்கு மேல என்ன சாட்சி?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல அம்மாவைச் சமாதானப்படுத்தறதுக்கு எழுதித் தர்றீங்களா?"

பொய்யை எழுதியபோது ஒருவரும் என்னை ஐயுறவில்லை.

மார்ச் 21

கண்காட்சி. என் வண்டியை இடது மட்கார்டு இல்லாமலே வைத்தேன். முன்சக்கரம் ஒன்று உடையிழந்ததுபோல் வெளியே தெரிந்தது. பக்கத்தில் ஓர் அட்டை:

"அசலின் தகடு முழுவதையும் அடித்தவர் என் மனைவி. அதை மறைத்தவன் நான். இம்மாதிரிக்கு இடது மட்கார்டை அடித்துத் தர அவர் மறுத்துவிட்டார். மறுப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு."

அளவுகோல் மதிப்பெண் தாளில் 'முழுமையற்றது' என்று எழுதினார். அவர் எழுதியவற்றுள் இந்த ஒன்றில்தான் நான் குறைகாணமாட்டேன். அன்று ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தவர் அட்டையைப் படித்துவிட்டு, "என்ன சார், வீட்டுல சோறு கெடைக்குதா?" என்றார். மறுபடியும் சிரிப்பு. இம்முறை நான் அங்கேயே நின்றேன். அச்சிரிப்புக்கு அப்படியொன்றும் எடை இல்லை. இதற்காகவா?

அவள் வரவில்லை. வீடு திரும்பி, அட்டையில் எழுதியதைச் சொன்னேன்.

முழுவதும் கேட்டாள். "எழுத்து எப்பவும் நல்லாத்தான் வரும் உங்களுக்கு. அதுல குறையே சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மார்ச் 27

விரிவுரைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். உடல்நிலை காரணமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

ஏப்ரல் 2

பிற்பகலில் பெருங்காற்று. பின்கட்டுக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தேன். முட்டுக்கொடுத்திருந்த கொட்டாப்புளி அங்கே இல்லை.

மேசைக்குத் திரும்பினேன். மீந்திருந்த மெல்லிய தகட்டில் ஒரு மூலை வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. வெட்டு நூல் பிடித்ததுபோல் நேர்.

அடுக்களைக்கு அப்பாலிருந்து ஓசை வந்தது. மூன்று அடி. ஓர் இடைவெளி. மூன்று அடி.

என்ன அடிக்கிறாள், யாருக்காக அடிக்கிறாள் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. எட்டிப் பார்க்கவும் போகவில்லை. கதவு அவள் வேலையைக் கெடுக்காதபடி ஒரு செங்கல்லைத் தேடிக் கொணர்ந்து முட்டாக வைத்தேன்.