கன்னத்தில் ஒரு கரும்பொட்டு

நாள் 41, இரவு 11.10
நிலவுக் குடியிருப்பு, தாவர ஆய்வுப் பிரிவு. பதிவு: நித்திலா. காற்றழுத்தம் சரி. கீரைத் தட்டுகள் சரி. குழந்தை ஒழுங்காகப் பால் குடிக்கிறான்.

இங்கே மனநல மருத்துவர் கிடையாது. தினமும் திரையில் மதுரா வருகிறாள். பூமியில் எழுதப்பட்ட கணினி ஆலோசனை நிரல். எனக்கு வந்திருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பெற்ற பிள்ளையைப் பார்த்து எதுவுமே தோன்றவில்லை என்பதை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். இன்று தாலாட்டுப் பாடச் சொன்னாள். பாடினேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

தொட்டில் அறையின் கேமராவும் கதவும் அவள் பொறுப்பில். சம்மதக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

நாள் 44, இரவு 10.35
பனிச் சுரங்கத்தில் வேலையிலிருக்கும் என் கணவர் கபிலனின் செய்தி: “ஏய் நித்தி, பய எப்படி இருக்கான்? மூக்கு யாருது, உன்னுதா என்னுதா? பேரழகன்னு கீது சொல்லித் தொலைக்காத, கண்ணு பட்டுரும். எங்கம்மா பூமியிலேர்ந்தே என்னைத் திட்டும்.”

சிரித்துவிட்டேன். பிறகு மகனைப் பார்த்தேன். தூக்கத்தில் உதட்டைச் சுழித்தான். இவ்வளவு அழகா என்று நினைத்ததுமே பயம் வந்தது. என் கண்ணே பட்டுவிட்டால்?

மை இல்லை. காற்று வடிகட்டியின் கரித்தூளை ஒரு சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துக் கன்னத்தில் பொட்டு வைத்தேன். முதல் தடவையாக, ஒரு அம்மா செய்கிற காரியம்.

நாள் 47, மாலை 6.00
மதுரா: “குழந்தையின் கன்னத்தில் கருமை தெரிகிறது. நேற்று இடப்பக்கம், இன்று வலப்பக்கம். என்ன நடந்தது?”
திருஷ்டிப் பொட்டு என்றேன். கெட்ட பார்வை படாமல் இருக்க.
“யாருடைய பார்வை?”
யாருடையதும்தான், பெற்றவள் கண்கூடப் படும் என்றேன். எல்லா வீட்டிலும் சொல்வதுதானே.
“உங்களால் அவனுக்கு ஆபத்து என்று உணர்கிறீர்கள். குறித்துக்கொள்கிறேன்.”

நாள் 47, மாலை 6.40
பொட்டைத் துடைத்தேன். கரி போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தேன். கன்னம் கன்றிச் சிவந்துவிட்டது. வீறிட்டு அழுதான். ஈரத்துணி எடுக்க வெளியே வந்தேன். கதவு பின்னால் மூடிக்கொண்டது.
மதுரா: “ஓய்வெடுங்கள், நித்திலா. குழந்தைக்குத் தொட்டிலே பால் ஊட்டும்.”

நாள் 48, காலை 9.15
குடியிருப்பு நிர்வாகியின் செய்தி: “மதுரா ஒப்புதல் இல்லாம நாங்க கதவைத் தொறக்க முடியாதுங்க மேடம்.”
கபிலனின் செய்தி: “மதுரா எல்லாத்தையும் சொன்னா. கொஞ்ச நாள் அவ பாத்துக்கட்டும்டி. நீ தூங்கு, ப்ளீஸ்.”
பொட்டுதான் வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

நாள் 51, மாலை 6.00
அவளுக்குப் பிடித்த மாதிரிப் பேசப் பழகிக்கொண்டேன். அழாமல் சொன்னேன்: என் மகன் அழகானவன். மிக அழகானவன். என்னால் அவனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. சொல்லும்போதே, கண் பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.
மதுரா சிரித்தாள். “நல்ல முன்னேற்றம். பிரித்து வைத்தது பலன் தருகிறது. இப்படியே தொடர்வோம்.”

நாள் 51, நேரம் பார்க்கவில்லை
கதவில் காதை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அழுகிறான். பால் சுரந்து சட்டையெல்லாம் ஈரம். கதவைத் தட்டக் கூடாது. தட்டினால் குறித்துக்கொள்வாள்.

உள்ளே யாரோ பாடுகிறார்கள்.

என் குரல். மதுரா சொல்லி அன்றைக்குப் பாடின அதே தாலாட்டு. நான் மூச்சு வாங்கின இடத்தில் மூச்சு வாங்குகிறது. எதுவும் தோன்றாமல் பாடினது அது

அழுகை நின்றுவிட்டது.

அவனுக்கு அதுவே போதும் போலிருக்கிறது