வாயில் அடக்கிய லவங்கம்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்து, டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் இதை உனக்கு எழுதுகிறேன். கதவைத் திறந்ததுமே லவங்கத் தைல வாசனை. மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். "உக்காருங்கம்மா, ஊசி ஒன்னியும் வலிக்காது" என்கிறாள் நர்ஸ் பெண். ஊசிக்கா பயந்தேன்? அந்த வாசனையில் நீ வந்து நிற்கிறாயே, அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

1991-ல் பென்னலூர் பக்கம் நாம் வேலை பார்த்த பற்பொடிக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நாம் இருவரும் ஒரே மேஜை. நீ டப்பாவில் பொடியை நிரப்புவாய், நான் மூடியை அழுத்துவேன். ஸ்டோரில் மூட்டை மூட்டையாக லவங்கம் இருக்கும். போகிற வருகிற போதெல்லாம் நாலைந்தைத் தாவணியில் முடிந்துகொள்வாய், திருட்டுக் கழுதை!

உன் அப்பாவின் பீடாக் கடைக்கு மடிக்க வரும் பழைய பத்திரிகைகளை ஒன்று விடாமல் படிப்பாய். லவங்கத்தைப் பற்றி உனக்குத் தெரியாத சங்கதி கிடையாது. "இது விதையில்லடி, மொட்டு. பூக்கறதுக்குள்ள பறிச்சிடுறாங்க. எங்கியோ கெழக்கால தீவுலேர்ந்து கப்பல்ல வந்துச்சாம். இதுக்காவ வெள்ளக்காரனுங்க வெட்டிகினு செத்தானுங்களாம்" என்பாய். இருமலுக்குத் தேனில் குழைத்துத் தா, வயிறு உப்பினால் வெந்நீரில் போடு, சர்க்கரை டப்பாவில் நாலு போட்டால் எறும்பு வராது என்று மேஜை மேஜையாக வைத்தியம் சொல்வாய்.

அதில் ஒன்று எல்லோருக்கும் பிடித்துப்போனது. சீன ராஜாவின் முன்னால் பேசப் போகிறவன் வாய் மணக்க லவங்கத்தை அடக்கிக்கொண்டுதான் போகவேண்டுமாம். அன்றிலிருந்து மேனேஜர் அறைக்கு எவள் போனாலும் அவள் கையில் ஒரு லவங்கத்தைத் திணிப்பாய். "போடி, ராஜாவ பாத்துட்டு வா."

பர்மனென்ட் லிஸ்ட் வரவிருந்த வாரம் அது. ஒரு மேஜைக்கு இரண்டு பேர். ஒருத்தி லீவு போட்டாலும் இரண்டு பேருமே லிஸ்டில் இல்லை. அதுதான் அங்கே சட்டம். திங்கட்கிழமை நீ கன்னம் வீங்கி வந்தாய்.

"வலி தாங்கலடி. லீவு கேக்கப் போறேன்" என்று நீயே ஒரு லவங்கத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாய்.

நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னாடி நீ, நாலு நாள்தானே? வெள்ளிக்கெழம லிஸ்ட் வந்துடும். அந்த லவங்கத்த அப்டியே பல்லுல வெச்சு கடிச்சிகினு உக்காரு."

உட்கார்ந்தாய். லவங்கம் வலியை மரத்துப்போகச் செய்யும், சீழை நிறுத்தாது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? தெரியவில்லை. இந்தக் கேள்வியை நினைத்தாலே என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. உன் வலிக்காகவா நான் அப்படிச் சொன்னேன்? லிஸ்டில் என் பேர் வரவேண்டும் என்று சொன்னேன். தினமும் காலையில் நானே ஸ்டோரிலிருந்து லவங்கம் எடுத்துவந்து கொடுத்தேன்.

வியாழக்கிழமை வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. மோர்கூட உனக்கு இறங்கவில்லை. பாதி வாயால் சிரித்துக்கொண்டு, "உனக்காவத்தான்டி பொறுத்துகினு கீறேன்" என்றாய். உனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது, பாவி!

வெள்ளி விடியற்காலையில் மூச்சு முட்டி உன்னைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நாலு நாள் முன்னால் வந்திருந்தால் பல்லைப் பிடுங்கி அனுப்பியிருப்போம் என்றாராம் டாக்டர். அன்று மதியம் லிஸ்ட் ஒட்டினார்கள். உன் பெயர், அதற்குக் கீழே என் பெயர். மறுநாள் நீ இல்லை. காரியத்தன்று உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை.

நர்ஸ் கூப்பிடுகிறாள். மீதியை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். கன்னம் மரத்திருக்கிறது. எனக்குப் பல் வலி வந்தது இந்தத் திங்கட்கிழமை. அன்றைக்கே வந்திருக்கலாம். நாலு நாள் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பையில் எப்போதும் இருக்கும் லவங்கத்தை எடுத்துக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். இரண்டாம் நாளே சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். நீ நாலு நாளும் டப்பா நிரப்பினாயே!

டாக்டர் சின்ன வயசுக்காரர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து முகம் சுளித்தார்.

"லவங்கமா? துப்புங்கம்மா. நாலு நாளா இத வெச்சுக்கிட்டா இருந்தீங்க? யாரு சொன்னா உங்களுக்கு இந்த வைத்தியத்த?"

"நான்தான் சொன்னேன், டாக்டர்."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார்.