இரண்டாம் வாசிப்புக்கு ஆள் கிடைத்துவிட்டது, மாமா

மாமா,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போகிற பஸ்ஸில், முதுநகர் தாண்டியதும் ஜன்னல் வழியாக கெமிக்கல் ஆலைகளின் அந்த வாசனை வந்தது. பஸ் முழுக்க முந்தானையும் கர்ச்சீப்பும் மூக்குக்குப் போயின. நான் மட்டும் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்திக்குள் நுழைந்தவன் மாதிரி நெஞ்சு நிறைய இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வேறு கட்டிக்கொண்டது. பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னா சார், வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் இருக்கு, தரவா?" என்றாள். இல்லைம்மா, ஒரு சிநேகிதன் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். இந்த நாற்றத்துக்கு எப்பேர்ப்பட்ட சிநேகிதன் ஞாபகம் வருவான் என்று யோசித்திருப்பாள் போல. கூடையை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

நீதான் வந்தாய். வேறு யார். ஒரு மாதம் கடலூரில், மறு மாதம் சிதம்பரத்தில் என்று நம் கவிதை வாசிப்புக் கூட்டம் நடந்த வருடங்களில், இதே பஸ்ஸில், இதே இடத்தில், "மூச்சப் புடி மாமா. ஆலப்பாக்கம் வரைக்கும் வாயத் தொறக்காத" என்பாய். ஆலப்பாக்கம் வந்ததும் நான் திறப்பேன். சிதம்பரம் வரைக்கும் மூட மாட்டேன். எந்த வீட்டில் எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த பாலிசிதாரர் எந்த மனைவியை நாமினியாகப் போட்டார், எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டியிருக்கிறேன். இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு. நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய். ஒன்றுகூட உன் வழியாக வெளியே போனதில்லை. உன்னை மாதிரி ரகசியம் காக்கிறவனை நான் இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை. நான் உனக்கு மாமா, நீ எனக்கு மாமா. இதில் யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்று உன் வீட்டம்மா கேட்டபோது இரண்டு பேருமே முழித்தோம்.

சேதிக்கு வருகிறேன். கூட்டம் மறுபடி நேரில் தொடங்கிவிட்டது. சும்மா தொடங்கவில்லை. சண்டை போட்டு, சவால் விட்டு, மானம் போகும் நிலைமைக்கு வந்து, அப்புறம்தான்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நம் கூட்டத்தின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்ற ஊர்களில் கவிஞர் படிப்பார், கைதட்டுவார்கள், அடுத்தவர் வருவார். நம்மிடம் ஒவ்வொரு கவிதைக்கும் இரண்டு வாசிப்பு. முதலில் எழுதியவர் படிப்பார். உடனே தாளை வேறு ஒருவர் வாங்கி அதையே இன்னொரு முறை படிப்பார். அந்த நேரத்தில் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, திருத்தக் கூடாது, விளக்கக் கூடாது. இதை ஆரம்பித்தது நீ. கடலூரில் ஒரு ஆரம்பப் பள்ளி வகுப்பறையில், முட்டி இடிக்கிற குட்டி பெஞ்சுகளில் நடந்த நம் முதல் கூட்டத்திலேயே, முதல் ஆள் படித்து முடித்ததும் எழுந்து போய், "பேப்பரக் குடு மாமா, நான் ஒருவாட்டி படிக்கிறேன்" என்று கையை நீட்டினாய். அந்தக் கவிஞர் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதா கௌரவமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அதுவே சட்டமானது. நீ மஞ்சக்குப்பத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்தது வசதியாகவும் போனது. தாளை வாங்கிக்கொண்டு எழுத்து தெரியாமல் தடவுகிற நம் வயதுக்காரர்களுக்கு, பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுவாய். சிலர் அதோடு வீட்டுக்கே போய்விட்டார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு நீ ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாய். "எழுதனவன் படிச்சா அது அவன் பேச்சு. அடுத்தவன் படிச்சாத்தான் அது கவிதை."

அதை நான் ஒப்புக்கொண்டது ஒரு சிதம்பரம் கூட்டத்தில். நான் எப்போதும்போல் சிரிப்புக் கவிதைதான் எழுதிப் போயிருந்தேன். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, காலைச் சங்கு ஊதியதும் பழக்கத்தில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸ் இல்லாமல் வாசலில் நின்று திருதிருவென்று முழிப்பதைப் பற்றி. நான் படித்தேன். குரலையெல்லாம் மாற்றிப் படித்தேன். கூட்டம் உருண்டது. பிறகு நீ வாங்கினாய். ஒரு சிரிப்பு இல்லாமல், ஒவ்வொரு வரியையும் அப்போதுதான் முதல் முறை பார்க்கிறவன் மாதிரி நிதானமாகப் படித்தாய். "சங்கு ஊதிவிட்டது, யாரும் அவருக்குச் சோறு கட்டவில்லை" என்ற வரிக்கு வந்தபோது உன் குரல் கொஞ்சம் நின்றது. சற்று முன்பு சிரித்த அதே ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் போன் வந்த மாதிரி வெளியே போய், நிறுத்தியிருந்த வண்டிகளின் நம்பர் பிளேட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவைப் பற்றி நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே நீ படித்துத்தான் தெரிந்தது.

கொரோனா வந்தது, கூட்டம் திரைக்குள் போனது. நடத்தியது ஜெயசீலி டீச்சர். குறை சொல்ல மாட்டேன், அவர் இல்லையென்றால் கூட்டமே அன்றோடு முடிந்திருக்கும். துபாயிலிருந்து ஆள் வந்தது, சிங்கப்பூரிலிருந்து வந்தது. நானும் தவறாமல் வந்தேன். பத்து வயது குறைவான என் போட்டோவை வைத்துவிட்டு அதன் பின்னால் தூங்கினேன். ஆனால் இரண்டாம் வாசிப்பு செத்துப்போனது. திரைக்குள் கையை விட்டுத் தாளை எப்படி வாங்குவது? கவிஞர் படிப்பார், நாலு கைதட்டும் பொம்மைகள் மேலே பறக்கும், அடுத்தவர்.

நீ ஒரே ஒரு முறை வந்தாய். பாதியில் போய்விட்டாய். நான் கூப்பிட்டபோது உன் வீட்டம்மா போனை எடுத்து, உன்னைக் கேட்டு, நீ சொன்னதைச் சொன்னார். "இது எனக்கு சரிப்படல. நேர்ல எப்பன்னு சொல்லு, வரேன்." அதன் பிறகு நான் உன் கடைக்கு வருகிற போதெல்லாம் அதே கேள்வி. நேர்ல எப்ப? நானும் சீக்கிரம், சீக்கிரம் என்றேன். ஊர் திறந்தது, பள்ளி திறந்தது, கல்யாண மண்டபமெல்லாம் திறந்தது. நம் கூட்டம் மட்டும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குள் நீ போய்விட்டாய்.

இந்த வருடம் நான் குரூப்பில் எழுதினேன், இனி நேரில்தான் என்று. ஜெயசீலி டீச்சர் போனே போட்டுவிட்டார்.

"எதுக்கு சார்? வெளியூர்ல இருக்கறவங்க எல்லாம் இன்னா பண்ணுவாங்க? அப்புறம் நேர்ல வெச்சா நாலு பேர் வருவாங்க, அதுல மூணு பேரு டீக்கு."

"டீச்சர், அவரு கடைசி வரைக்கும் நேர்ல எப்பன்னு கேட்டுக்கிட்டே போனாரு."

டீச்சர் நிபந்தனை போட்டார். "சரி. ஒரே ஒரு கூட்டம். ரெண்டாம் வாசிப்போட. அது நல்லா நடந்துச்சுன்னா நேர்ல. இல்லன்னா இனிமே அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது, சரியா?"

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று புரிந்தது. இது கவிழ்ந்தால் கூட்டம் போவது மட்டுமில்லை. உன்னிடமிருந்து இந்த ஊருக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வழக்கம்தான். அதுவும் என் கையால் போகும்.

போன ஞாயிறு கூட்டம், சிதம்பரம் மேலவீதியில் நாம் எப்போதும் கூடும் அதே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில். நாற்காலி போதாமல் சிலர் உறை போட்ட மெஷின்களுக்கு நடுவே மேசையில் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டார்கள். திரையில் எல்லோரும் ஒரே உயரம் இல்லையா. கணீரென்று பேசுகிற பரங்கிப்பேட்டைக்காரர் என் தோளுக்குத்தான் வந்தார். என்னைப் பார்த்த ஒரு புதுப் பெண், "உங்க தம்பி வரலையா சார்?" என்றாள். போட்டோவில் இருந்தது நான்தான் என்று சொல்லவில்லை.

நான்தான் தொடக்க உரை. உன்னைப் பற்றி வெளுத்துக் கட்டினேன். முதல் வாசிப்பை நீ எவ்வளவு ஆழமாக உள்வாங்குவாய், தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு சொல்லையும் எப்படி நிறுத்துப் பார்ப்பாய், இரண்டாம் வாசிப்பு என்பது கேட்டலின் உச்சம் என்று நீ எப்படி எங்களுக்குக் காட்டினாய் என்றெல்லாம். கைதட்டல் பலமாகவே இருந்தது.

முதலில் குமராட்சி தனகோடி எழுந்தார். வேளாண்மை ஆபீஸ் கிளார்க். மினிபஸ் பிடித்து வந்திருந்தார். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்ததைப் பற்றிய கவிதை. போனைப் பார்த்துப் படித்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டாம் வாசிப்பு யார் என்றேன். ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது: யாரிடமும் தாள் இல்லை. எல்லோர் கவிதையும் போனில். போனை எப்படி இன்னொருவன் கையில் கொடுப்பது? ஜெயசீலி டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஜெயித்த பார்வைகூட இல்லை, பாவம் என்கிற பார்வை. அதுதான் சுட்டது.

எழுந்து போய்க் கையை நீட்டினேன். "குடு தனகோடி."

"போனையா சார்?" என்றார், கிட்னியைக் கேட்ட மாதிரி.

வாங்கிப் படித்தேன். உன்னை நினைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தேன்.

ஆறு வந்து வாசலில் நின்றது.
யாரும் வா என்று சொல்லவில்லை.
அதுவாகவே உள்ளே வந்தது.
வரும்போது தோசை மாவு வாங்கிட்டு வாங்க.
போன தடவ மாதிரி புளிச்சத வாங்காதீங்க.

அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி நிறுத்தவும் செய்தேன் மாமா. அறையில் 'ப்ச்' என்று ஒரு சத்தம் ஓடியது. பின்னாலிருந்து ஒருவர், "அந்த ரெண்டு வரி இன்னொரு தடவ சார்" என்றார். இன்னொரு தடவை படித்தேன். தனகோடி முகம் கத்தரிக்காயாகக் கறுத்து நெளிந்துகொண்டிருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நம் சட்டம் அவருக்குத் தெரியும். நான் முழுவதும் முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான், "சார், நடுவுல வந்தது எங்க வீட்டுக்காரம்மா" என்றார்.

அப்புறம் டைப்ரைட்டர்கள் உறைக்குள் ஆடுகிற அளவுக்கு ஒரு சிரிப்பு. ஜெயசீலி டீச்சர் மேசையில் தலையையே கவிழ்த்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும்போது, இன்னொரு தடவை கேட்ட அதே மனிதர் சொன்னார்: "அந்த வரிய எடுக்காதய்யா. வெள்ளம் பூந்த வீட்லயும் மறுநாள் தோசதான கேப்பாங்க."

"அவுங்கள ஒரு வார்த்த கேட்டுக்கிறேன் சார்" என்றார் தனகோடி.

அதன் பிறகு நிற்கவில்லை. எழுதியவர்கள் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, போட்டதைக் காட்டி, கை மாற்றினார்கள். பரங்கிப்பேட்டைக்காரர் கவிதையை வாங்கிப் படித்தது யார் தெரியுமா? ஜெயசீலி டீச்சர். நாலாவது வரியை யாரும் கேட்காமலே இன்னொரு தடவை படித்தார். படி இறங்கும்போது, "அடுத்த மாசம் கடலூர்தான சார்? எங்க ஸ்கூல்ல ரூம் கேக்கறேன். துபாய்க்காரங்களுக்கு ஒரு போன சன்னல்ல நிக்க வெச்சிடலாம்" என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். ரோட்டுக்கு வந்ததும் தனியாக ஒரு பிளேட் இட்லியும் கொத்சும் வாங்கிக் கொண்டாடினேன்.

உன் வழக்கம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கூட்டத்துக்கு மட்டும் என்று நினைக்காதே. ஆபீஸிலிருந்து காரமாக ஒரு மெயில் வந்தாலும், சம்பந்தி வீட்டிலிருந்து குத்தலாக ஒரு மெசேஜ் வந்தாலும், பதில் போடுவதற்கு முன்னால் ஒருமுறை வாய்விட்டு, உன் நிதானத்தில், படித்துப் பார்க்கிறேன். பாதி கோபம் அங்கேயே இறங்கிவிடுகிறது. எழுதினவர் சொல்ல வந்தது என்ன என்பது அப்போதுதான் தெரிகிறது.

திங்கட்கிழமை இதையெல்லாம் சொல்ல உன் கடைக்குப் போனேன். இப்போது உன் வீட்டம்மாதான் கல்லாவில். கூட்டம், மாவு, சிரிப்பு எல்லாம் சொல்லி, என் உரையையும் மறுபடி நிகழ்த்திக் காட்டினேன். கேட்டலின் உச்சம் என்ற இடம் வந்ததும் துடைத்துக்கொண்டிருந்த பிரேமைக் கீழே வைத்துவிட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. அவருக்கு எடது காது சுத்தமா கேக்காது. வலதுல கொஞ்சூண்டு. எதிர்ல நின்னு வாயப் பாத்தா சமாளிச்சிப்பாரு. கூட்டத்துல படிக்கிறது ஒரு எழவும் வெளங்காது. அதான் பேப்பர வாங்கித் தானே படிச்சிக்குவாரு."

இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன்.

"கண்ணாடிக் கடக்காரன் காதுல மெஷின் மாட்டிக்கிட்டு உக்காந்தா எவன் வருவான்னு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியமே வாங்கிக்கிட்டாரு."