சிலோன் சாருக்கு நான் வாசித்த கடிதம்

2-6-2025, திங்கள்
இன்று பட்டறை கேட்டில் உட்கார்ந்தபடி பதினோரு லாரிகளில் எழுதியிருந்ததை நானே படித்தேன். ஒன்றில் 'அண்ணமார் துணை' என்று இருந்தது. எழுபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா? ஞாயிற்றுக்கிழமை முதியோர் எழுத்து வகுப்பில் சித்ராதேவி டீச்சர் நோட்டு கொடுத்து, தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.
ஆறுமுகசாமி, வாட்ச்மேன், வீரபாண்டி சாயப்பட்டறை. என் பேரை நானே எழுதினேன்.

4-6-2025, புதன்
சிலோன் சாரைப் பற்றி எழுத வேண்டும். பேர் குலசிங்கம். எங்கள் பட்டறையில் சாயத்தண்ணீரைச் சுத்தம் பண்ணும் பிளாண்டைப் பார்த்துக்கொள்கிறார். எந்தக் குழாயில் எந்த நாள் உப்பு அடைக்கும் என்று கணக்குப் போட்டு முன்னாலேயே சொல்லிவிடுவார். சொன்ன நாளில் அடைக்கும். பிட்டர் ஆரோக்கியராஜ் கேலி பண்ணுவான். "சோசியரே, எனக்கு எப்பக் கல்யாணம்னு ஒரு கணக்குப் போடுங்க."
"உமக்கு அடைப்பு மூளையில. அதுக்குச் சமன்பாடு இல்லை" என்றார் சார்.
ஊரில் இஞ்சினியராக இருந்து, பிறகு காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். எறிகிற பொருள் எங்கே போய் விழும் என்று பேப்பரிலேயே கண்டுபிடிக்கிற கணக்காம். சண்டை வந்தபோது இரண்டு பக்கத்து ஆட்களும் ஆளுக்கொரு நாள் வந்து, குண்டு விழுகிற இடத்தைப் போட்டுத் தா என்றார்களாம். "ரெண்டு பேருக்கும் மாட்டன் எண்டன். பிறகு அங்க இருக்கேலாதுதானே, அண்ணை" என்றார். படகேறி வந்து முப்பத்தைந்து வருஷம்.

9-6-2025, திங்கள்
சாருக்கு ஊரில் மிச்சம் இருப்பது ஓர் அக்கா மட்டும். அவரை வளர்த்தவர். எண்பது வயது, இருதயம் சரியில்லை. காது கேட்காததால் போன் கிடையாது, கடிதம்தான். ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று, திரும்பிப் போக அனுமதி கேட்டு மூன்று வருஷமாக மனுப் போடுகிறார். இன்றும் காலையில் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். இன்னொரு பேப்பர் வேண்டுமாம். பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் எதைக் கொடுப்பார்?
மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "அவ எனக்காக மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா, அண்ணை. எவ்வளவு காலம் பிடிப்பா?"
டப்பாவை நானே திறந்து அவர் முன்னால் நகர்த்தினேன்.

13-6-2025, வெள்ளி
மனுவுக்குப் பதில் இல்லை.

17-6-2025, செவ்வாய்
இன்று எழுதக் கை துடிக்கிறது. சாருக்கு ஊரிலிருந்து கடிதம். அவர் கண்ணில் புரை, எழுத்து தெரிவதில்லை. எப்போதும் படித்துக்காட்டும் பட்டறை ஆபீஸ் பெண் இன்று லீவு. "நான் படிக்கட்டுங்களா சார்?" என்றேன். கொடுத்தார். அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியது. விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.
'ஆறாம் திகதி அக்கா மோசம் போயிட்டா. நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தம். நீங்கள் யோசிக்க வேண்டாம்.'
யாரோ ஏமாற்றிவிட்டார்கள் போல. பாவம், வயசான அம்மா. "எவனுங்க சார் அவன்? போனது போகட்டும், உடுங்க. ஆளு நல்லாருந்தாச் சரி" என்றேன்.
சார் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே, "வடிவா வாசிக்கிறியள், அண்ணை" என்றார். வடிவா என்றால் அழகாக. என் முதல் கடிதம். வீடு வரும்வரை கால் தரையில் பாவவில்லை.

18-6-2025, புதன்
மூன்றாம் குழாய் நாளை அடைக்கும் என்று சார் சொல்லியிருந்தார். இன்றே அடைத்து, தண்ணீர் பொங்கிவிட்டது. இது முதல் தவறு. ஆரோக்கியராஜ்கூடக் கேலி பண்ணாமல் குழாயைக் கழற்றினான்.

20-6-2025, வெள்ளி
அக்காவை ஏமாற்றியவனைச் சும்மா விடாதீங்க, போலீசுக்கு நானே மனு எழுதித் தருகிறேன் என்று சாரிடம் இன்றும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

22-6-2025, ஞாயிறு
வகுப்பில் கடிதம் படித்ததைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அகதிகள் முகாமிலிருந்து தன் அம்மாவைக் கூட்டி வரும் ரோஸ்மேரி மட்டும் தட்டவில்லை. என்னை வெளியே கூப்பிட்டாள்.
"ஐயா, எங்கட ஆக்கள் மோசம் போயிட்டா எண்டு சொன்னா, செத்துப்போயிட்டா எண்டு அர்த்தம்."
ஆளு நல்லாருந்தாச் சரின்னு சொன்னனே. செத்த சேதியச் சிரிச்சுக்கிட்டே படிச்சனே — நாலஞ்சு நாளா அந்த மனுசனப் போட்டு, மனு எழுதறேன் மனு எழுதறேன்னு — அக்கா மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதா அவர் சொன்னாரே, அன்னிக்கே அவங்க போயி மூணு நாளு.
இந்த எழுத்து எனக்கு எதுக்கு?

23-6-2025, திங்கள்
சாரின் அறைக்குப் போனேன். "ஏனுங்க சார் சொல்லலீங்க?"
"நீங்கள் அவ்வளவு சந்தோசமா வாசிக்கிறியள். அந்தக் குரலை இடையில நிப்பாட்ட மனம் வரேல்லை. பிறகு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."
கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தோராம் நாள் சடங்குக்காவது போய்விட வேண்டும் என்றார். ஜூலை ஆறு. இன்னும் பதின்மூன்று நாள்.

26-6-2025
கலெக்டர் ஆபீசுக்கு இருவரும் போனோம். ஆபீசர் இல்லை.

1-7-2025
போனோம். மேலிடத்திலிருந்து கடிதம் வர வேண்டுமாம். சார் வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுப்பிக் கூட்டி வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

6-7-2025, ஞாயிறு
முப்பத்தொன்று. கொமரலிங்கம் ஊருக்குப் போய், சார் அமராவதி ஆற்றில் முங்கினார். நான் துண்டை வைத்துக்கொண்டு படியில் நின்றேன். மந்திரம் சொல்ல யாரும் இல்லை. தண்ணீரில் நின்று அக்காவின் பேரை மூன்று முறை சொன்னார். செல்வநாயகி. இதுவரை எனக்குப் பேர் தெரியாது.

14-7-2025, திங்கள்
கலெக்டர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள், இருவரும் போனோம். அனுமதி வந்துவிட்டது, ஒரே ஒரு பாரம் பூர்த்தி செய்தால் போதும் என்றார்கள். சார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர், வயது, வந்த வருஷம். 'அங்கே யாரிடம் போகிறீர்' என்று ஒரு வரி இருந்தது.
"ஒருத்தரும் இல்லை எண்டு எழுதுங்கோ."
எழுதினேன். ஆபீசர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "யாருமில்லாத ஊருக்கு எதுக்குங்க போறீங்க?"
சார் பாரத்தைத் திருப்பி வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு மணி பஸ்ஸில் வந்தோம். இரண்டு மணி ஷிப்டுக்குப் போய்விட்டார்.