பக்கிக்காரி

2024 செப்டம்பர் 11

கடையில் ஓணம் தள்ளுபடிக் கூட்டம். நாள் முழுக்கச் சேலையை விரித்துக் காட்டி, மடித்து, மறுபடி விரித்து, இடுப்பு விட்டுப்போனது. வடசேரியில் பஸ் ஏறும்போதே இருட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மத்தியாஸ் அண்ணன் நிற்கிறார். கடலுக்குப் போகாத நாட்களில் மணலில் ஓடுகிற எங்கள் பக்கி வண்டிக்கு ஆள் சேர்த்துத் தருவது அவர்தான். ரிசார்ட்டில் தங்குகிறவர்களைக் கூட்டி வருவார். என் வீட்டுக்காரர் எபின் அவர்களை ஏற்றிக்கொண்டு மணல்மேட்டிலும் கடற்கரையிலும் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விடுவார். அதெல்லாம் போன பிப்ரவரியில் அவர் விழும் வரைக்கும்.

"சீசன் வருது தங்கச்சி. தார்ப்பாயை எடுத்துப் பாத்தேன், உப்புக்காத்துல துரு ஏறிட்டு இருக்கு. இன்னும் கொஞ்சநாள் கெடந்தா பழைய இரும்பா ஆக்கர் கடைக்குத்தான் போவும்."

எபின் உள்ளே டிவி முன்னால் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். சத்தத்தைக் கூட்டினார்.

அவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன். அந்த வண்டிக்கு கிளட்ச் கிடையாது. ஆக்சிலேட்டர், பிரேக் — அவ்வளவுதான். ஓட்ட வலது கால் போதும். அவருக்குப் போனது இடது கால்.

செப்டம்பர் 15

ஆராதனை முடிந்து வந்து, சேலையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"நான் ஓட்டிப் பாக்கட்டா அத்தான்?"

"என்னத்தயாவது செய்."

சம்மதமா, வெறுப்பா? இரண்டாவது தடவை கேட்கத் தைரியம் இல்லை. போய்விட்டேன்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவளுக்கு இது ஒரு காரியமா என்று நினைத்திருந்தேன். மணல் காலைப் பிடித்து இழுக்கிறமாதிரி டயரைப் பிடிக்கிறது. பயந்து காலை எடுத்தால் அப்படியே புதைகிறது. மத்தியாஸ் அண்ணன் தென்னமட்டையை டயருக்கு அடியில் கொடுத்துத் தள்ளித் தள்ளி அலுத்துப்போனார். "பயந்தாதான் தாழும் மக்கா. மிதிச்சு விடு!"

வலையை வெயிலில் உணக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கத்தினாள்: "ஏட்டி, பக்கி ஓட்டுத பக்கியைப் பாருங்கட்டி!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று.

குளிக்கும்போது தலையிலிருந்து மணல் கொட்டியது. முன்பு எபின் தலையில் இப்படித்தான் தட்டிவிடுவேன். குனிந்து கொடுப்பார். கழுத்தில் உப்பும் பெட்ரோலும் மணக்கும். இப்போது அவர்மேல் டெட்டால் மணம்தான். உப்பும் பெட்ரோலும் என்மேல்.

செப்டம்பர் 28

துணிக்கடை வேலையை விட்டாயிற்று. மாமி இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் விழுந்த வண்டியில் மருமகளும் ஏறினால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

அக்டோபர் 6

முதல் பயணிகள். கோயம்புத்தூரிலிருந்து கணவன், மனைவி, ஒரு சின்னப் பெண். அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்றார்.

"நான்தான்."

அவர் யோசிப்பதற்குள் அவர் மனைவி ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

தென்னந்தோப்பு வழியாகச் செம்மண் மேட்டில் ஏறி, தாழைக்கு நடுவே இறங்கினால் திடீரென்று கடல் முழுசாக முன்னால் வந்து நிற்கும். அந்த இடத்தில் மூன்று பேரும் ஒன்றாகக் கூவினார்கள். கூவியது நானும்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

ஓடை கடலில் கலக்கிற பொழியைத் தாண்டித்தான் போகவேண்டும். எபின் விழுந்தது அங்கேதான். ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போது, தண்ணீர் அடியில் அரித்து வைத்திருந்த மணல் இடிந்து, வண்டி அவர்மேலேயே கவிழ்ந்தது. யார் மேலும் பழி சொல்ல ஒன்றுமில்லை. இன்று அந்த இடத்தை அடையாளம் தெரியாமல் தேடினேன். ஒரு தடயமும் இல்லை. கடல் எல்லாவற்றையும் நிரவி வைத்திருக்கிறது.

அக்டோபர் 7

எபின் ஒரு கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். யார் வந்தார்கள், எங்கே திருப்பினாய், புதைந்ததா — எதுவானாலும் போதும். "மீன் குழம்புல புளி கூடிப்போச்சு" என்றார். அவ்வளவுதான்.

ஒரே கட்டில். நடுவில் ஒரு தலையணை. கால் வலிக்கும் என்று நான்தான் முதலில் வைத்தேன். புண் ஆறி எத்தனையோ நாளாகிறது. எடுக்க எனக்கும் கூச்சம், அவருக்கும் —? தெரியவில்லை.

நவம்பர் 9

செயற்கைக் கால் வந்துவிட்டது. மாமி அதைத் தொட்டு ஜெபம் பண்ணினார்கள். எபின் போட்டுப் பார்த்தார், இரண்டு எட்டு வைத்தார், கழற்றி அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டார். வீடு தூத்துவாரும்போது அதைத் தள்ளி வைத்துத் தூத்துவாருகிறேன்.

நவம்பர் 24

எழுதினால் ஆறுமா பார்க்கிறேன்.

மத்தியானம் நல்ல பசியோடு வந்தேன். இன்றைக்கு வந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், ஒரே ஆர்ப்பாட்டம். அதில் ஒருத்தி பயத்தில் என் தோளைக் கடித்துவிட்டாள்! அதை மாமியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். எபின் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார்.

"நீ டெய்லி சிரிச்சிட்டு வாற."

"வந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல. எனக்க கால் போனதுல உனக்கு நல்ல சந்தோஷம்."

இதை எப்படிச் சொல்ல வாய் வந்தது? ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கிடந்த கிடப்பு இவருக்குத் தெரியுமா? நான் யாருக்காக்கும் இந்த வெயிலில் கிடந்து சாவுதேன்? சிரிக்காம வரணுமா, அழுதிட்டு வரணுமா? பின்வாசலில் போய் நின்று அழுதேன்.

ஆனால் ஒன்று. வண்டியில் இருக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். பொய் சொல்லவா முடியும்?

டிசம்பர் 1

ஈரோட்டிலிருந்து புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண்ணின் கையில் மருதாணி இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. மேட்டில் ஏறும்போது அவன் கையைப் பிடித்தவள், இறங்கி நின்று போட்டோ எடுத்து முடிந்த பிறகும் விடவில்லை. கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன்.

பிடித்துக்கொள்ள ஒரு கை. அதுவும் என் வீட்டிலேயே இருக்கிறது, என் பக்கத்திலேயே தூங்குகிறது.

டிசம்பர் 8

பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம், இரண்டாவது தடவையாக வருகிறார்களாம். அந்த அம்மா கேட்டார்கள்: "அந்த அண்ணா இல்லியா? பாடிட்டே ஓட்டுவாரே, அவர்?"

"யாரு?"

"எபின்னு பேர் சொன்னார். மேடு ஏறும்போது மெதுவா, இறங்கும்போது வேகமா. அதுக்குத் தகுந்த பாட்டு. எங்க மாமியார் ஊருக்குப் போயும் அதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க."

எபின் பாடுவாரா? கோயிலில்கூட உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பவர். ஆறு வருஷம் குடும்பம் நடத்தினவள் எனக்குத் தெரியாது, ஒரு மணிநேரம் வண்டியில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யார் யாரெல்லாமோ கேட்டிருக்கிறார்கள். நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் கேட்டேன்: "நீங்க பாடுவீங்களா அத்தான்?"

முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. டிவியை அணைத்தார்.

"யாரு சொன்னா?"

சொன்னேன். பெங்களூர் அம்மா, அவர்கள் மாமியார், எல்லாம். அவர் முழுசாகக் கேட்டார். "அந்தக் கெழவியா? அவங்க பெல்ட் போட மாட்டேன்னு சண்டை போட்டவங்களாக்கும்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

டிசம்பர் 9

தலையணையை எடுத்துவிட்டேன். அவர் அதைத் திருப்பி எடுத்து வைக்கவில்லை.

டிசம்பர் 21

கிறிஸ்துமஸ் கேரல் வருகிறவர்களுக்கு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் எபின் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வண்டி நிற்கிற ஷெட்டுக்குப் போகிறார். நான் அசையவில்லை. மாமி போகப் பார்த்தார்கள், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து விளி: "ஏட்டி ஷைஜா! டயர்ல இவ்வளவு காத்து வைப்பாவளா? இதென்ன தார் ரோடா?"

ஓடினேன். என்னைத் திட்டினார், மத்தியாஸ் அண்ணனைத் திட்டினார், செயினில் ஒட்டியிருந்த மணலைக் காட்டித் திட்டினார். நான் ஆமாம் ஆமாம் என்று நின்றேன். இப்படித் திட்டு வாங்க எவ்வளவு ஆசையாக இருந்திருக்கிறேன்!

2025 ஜனவரி 12

கடற்கரைக்கு வந்தார். மத்தியாஸ் அண்ணன் கட்டிப் பிடித்துக்கொண்டார். எபின் என் பக்கம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

தனியாகத்தான் போனார். மேட்டில் ஏறி மறைந்து, கீழே பொழிக்கு முன்னால் கொஞ்சம் நின்று, பிறகு தாண்டினார். எனக்கு மூச்சு அப்போதுதான் வந்தது. திரும்பி வந்தபோது முகம் முழுக்க மணல், கண்ணெல்லாம் சிவப்பு. காற்றினால் என்றார்.

இதற்குத்தானே ஆண்டவரிடம் முட்டிபோட்டேன்? பின்னே ஏன் கை இப்படி வெறுமையாக இருக்கிறது?

ஜனவரி 20

எபின் மறுபடி ஓட்டத் தொடங்கியதும் மாமிக்கு முகம் தெளிந்துவிட்டது. "இனி நீ வீட்டைப் பாத்தா போதும் மக்ளே. ஒனக்க மொகமெல்லாம் கறுத்துப் போச்சு."

சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கடல்காற்றில் வண்டிக்க ஒச்சை, அந்த என்ஜின் சத்தம், தோப்பைத் தாண்டி வந்தது. மேடு ஏறுகிறது — இறங்குகிறது — இப்போது கடலைப் பார்த்திருப்பார்கள், கூவியிருப்பார்கள். கத்தி கையில் அப்படியே நின்றது.

போன மாசங்களெல்லாம் அவர் இந்த ஒச்சையைக் கேட்டுக்கொண்டுதான் இந்த வீட்டுக்குள் இருந்தாரா? டிவி சத்தத்தை எதற்கு எப்போதும் கூட்டியே வைத்திருந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜனவரி 29

எல்லாம் கிடைத்துவிட்டது. மாலையில் வருகிறார், தலையைக் குனிந்து கொடுக்கிறார், மணலைத் தட்டிவிடுகிறேன். வந்தவர்கள் கதையெல்லாம் சொல்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறார். நான் ஏங்கினது ஒவ்வொன்றும் அப்படியே.

"என்னட்டி, ஒருமாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல."

எனக்குப் பேராசையா?

பிப்ரவரி 2

மதுரையிலிருந்து டீச்சர்மார் கொஞ்சம் பேர் வந்தார்களாம். பெண் டிரைவர் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், எபினைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டதாம். "நான் வேண்டாமாம், கேட்டியா!" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"எனக்கு ஓட்டணும்."

"என்னது?"

"எனக்கு வண்டி ஓட்டணும் அத்தான்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எனக்குக் கால் வய்யாம போச்சுன்னுதானே நீ ஓட்டின?"

"மொதல்ல அதுக்குத்தான்."

"இப்போ?"

"இப்போ எனக்கு வேண்டியாக்கும்."

கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

பிப்ரவரி 3

டிவி சத்தம் மறுபடியும் கூடியிருக்கிறது.

பிப்ரவரி 5

காலையில் சாயா கொடுக்கும்போது, "இரி" என்றார். இருந்தேன்.

"நான் உள்ள கெடந்தப்போ வண்டிக்க ஒச்சை கேட்டா நெஞ்சுக்குள்ள வெப்ராளமா, புழுங்கிட்டு வரும். அன்னைக்கு நான் சொன்னது — அந்தச் சிரிப்புக் காரியம் — அது உன்மேல உள்ள கோவம் இல்ல. நான் இல்லாமலும் அது ஓடுதேன்னுதான்."

கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உனக்கும் இப்போ அப்பிடித்தான் இருக்கா?"

தலையை ஆட்டினேன். கண்ணீர் என் சாயாவில் விழுந்தது.

"ம்" என்றார். சாயாவைக் குடித்தார். இன்றைக்கு அவர் கடற்கரைக்குப் போகவில்லை. மாமியிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்; மாமியின் குரல்தான் உயர்ந்தது. பிறகு அதுவும் தாழ்ந்தது.

பிப்ரவரி 21

இப்போது காலை ஓட்டம் என்னுடையது. இன்று முழுக்க ஆட்கள். வெயில் ஏறும்வரை ஓட்டினேன், கழுத்து பிடித்துக்கொண்டது. வீட்டில் எபின் மரச்சீனிக் கிழங்கு அவித்து, மாமி சொல்லச் சொல்ல மிளகாய் அரைத்து வைத்திருந்தார். உப்பு கொஞ்சம் கூடுதல். முழுசும் தின்றேன்.

அவர் மாலை ஓட்டத்துக்குச் செயற்கைக் காலை மாட்டி வாரை இழுத்துக்கொண்டே கேட்டார்: "கெழக்க எப்பிடி இருக்கு?"

"கரைமடி வலை இழுக்காவ. கயிறு தண்ணி வரைக்கும் கெடக்கு. அந்த வழி போவாதீங்க, மேக்க பாறைப் பக்கமா சுத்திப் போங்க."

"பாறைப் பக்கம் தாழுமே?"

"மேல ஈரம் இருக்கு, தாழாது. நான் போய்ப் பாத்தாச்சு."

வாரை மாட்டி முடித்தார். "செரி" என்றார், போனார்.

பாயை விரித்துப் படுத்தேன். தோப்புக்கு அப்பால் வண்டி கிளம்பியது. மேடு ஏறியது, இறங்கியது. ஒரு நிமிஷம் கேட்கவில்லை. பிறகு ஒச்சை மேற்கே, பாறைப் பக்கமாகத் திரும்பியது.